ரேக்கைத் தொட்டால் சுர்ரென்கிறதா? நெட்வொர்க் ரேக்கின் மின்கோளாறுகள், அறிகுறி வாரியாக

நெட்வொர்க் சுவிட்ச் கான்ஃபிகர் செய்யவும் கேபிள் கிரிம்ப் செய்யவும் கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறார்கள். ரேக்குக்கு, அதாவது சாதனங்களை மாட்டும் இரும்பு அலமாரிக்கு, பின்னால் சாக்கெட்டுக்கு வரும் மூன்று கம்பிகளைப் பற்றிச் சொல்லித்தரத்தான் ஆள் இல்லை: மின்சாரம் வரும் பேஸ், அது திரும்பும் நியூட்ரல், கசிவைப் பூமிக்கு அனுப்பும் எர்த். அது எலக்ட்ரீஷியன் வேலை என்று நாம் விட்டுவிடுகிறோம். கம்ப்யூட்டர்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று எலக்ட்ரீஷியன் விட்டுவிடுகிறார். கடைசியில் எர்த் கம்பியை யாருமே பார்ப்பதில்லை. பதினைந்து வருடமாக ரேக் நிறுத்திவருகிறேன். எந்தக் கோளாறைத் துரத்திக்கொண்டு போனாலும் பெரும்பாலும் அந்தப் பச்சைக் கம்பியிடம்தான் போய் நின்றிருக்கிறேன்.

கீழே இருப்பவற்றில் உங்கள் ரேக்கில் தெரியும் அறிகுறியைத் தேடிப் படியுங்கள். அதற்கு முன் அடுத்த இரண்டு பகுதிகளையும் தயவுசெய்து தாண்டிவிடாதீர்கள்.

கை வைக்கும் முன்

நம்மூர் சர்வர் அறைகளில் தூசி வரக்கூடாது என்று செருப்பை வாசலிலேயே கழற்றச் சொல்வார்கள். சுத்தத்துக்கு நல்லதுதான். ஆனால் டைல்ஸ் தரையில், அதுவும் காலையில் மாப் போட்ட ஈரம் காயாத தரையில், வெறுங்காலோடு நின்று ரேக்கைத் தொட்டால் மின்கசிவு பூமிக்குப் போகிற வழியே உங்கள் உடம்பாகிவிடும். உள்ளே போட்டுக்கொள்ள மட்டும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பை வாங்கி அந்த அறை வாசலில் வையுங்கள்.

மோதிரம், வாட்ச், கழுத்துச் செயின், கைக்காப்பு எல்லாவற்றையும் கழற்றுங்கள். தனியாக வேலை செய்யாதீர்கள். கூட வருபவருக்கு மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று முதலிலேயே காட்டிவிடுங்கள். இடி மின்னல் நேரத்தில் எந்தக் கேபிளையும் மாட்டவோ கழற்றவோ வேண்டாம்.

ஒரு எல்லையும் வைத்துக்கொள்ளுங்கள். சாக்கெட்டில் மீட்டர் வைத்து அளப்பது வரை நம் வேலை. டி.பி.யின் (மின்பகிர்வுப் பெட்டியின்) ஸ்குரூ போட்ட உள்மூடியைக் கழற்றுவது, சாக்கெட்டைக் கழற்றுவது, எம்.சி.பி. (கரண்ட் அளவுமீறினால் லைனை அணைக்கும் சுவிட்ச்) மாற்றுவது எல்லாம் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் வேலை. என்ன தப்பு என்று சரியாகச் சொல்லி அவரை அழைக்கத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

முதலில் மூன்று அளவு

மல்டிமீட்டர் கேட்-3 (மீட்டரின் பாதுகாப்புத் தரம்), 600 வோல்ட் என்று அச்சிட்டதாக இருக்கட்டும். ஏ.சி. வோல்ட்டில் வையுங்கள். மூன்று பின் சாக்கெட்டை நேராகப் பார்த்தால் மேலே உள்ள பெரிய துளை எர்த், வலது பேஸ், இடது நியூட்ரல். அதே லைனில் ஏதாவது ஒரு லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். லோடு இல்லாதபோது எல்லாம் நல்லபடியாகவே தெரியும்.

பேஸ்–நியூட்ரல் 230 வோல்ட் அக்கம்பக்கம். பேஸ்–எர்த் கிட்டத்தட்ட அதே அளவு. நியூட்ரல்–எர்த் ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள். இப்படி வந்தால் நல்லது.

இடதுபக்கத் துளைக்கும் எர்த்துக்கும் 230 வந்து, வலதுபக்கத்தில் எதுவும் வராவிட்டால் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன. சாதனம் ஓடும், ஆனால் சாக்கெட் சுவிட்சை அணைத்தால் நியூட்ரல்தான் துண்டாகும். பேஸ் உள்ளேயே நிற்கும். எர்த்தோடு அளக்கும் இரண்டு எண்களுமே நிலையில்லாமல் 40, 70, 110 என்று அலைந்தால் எர்த் எங்கோ அறுந்திருக்கிறது.

நியான் டெஸ்டரை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். பேஸ் நேரடியாக உரசினாலும் அது எரியும், லேசான கசிவுக்கும் எரியும். எர்த் இருக்கிறதா என்ற கேள்விக்கு அதனிடம் பதில் கிடையாது.

அறிகுறி: ரேக்கைத் தொட்டால் சுர்ரென்கிறது

ஒரு கல்லூரி லேபில் சுவரில் மாட்டிய 9 யு (ஒன்பது அடுக்கு) ரேக். இரண்டு சுவிட்ச், ஒரு ரவுட்டர், ஒரு கேமரா ரெக்கார்டர். பேட்ச் பேனல் (கேபிள்கள் வந்து சேரும் பலகை) மாட்டும்போது முழங்கை ரேக்கின் ஓரத்தில் பட்டது. எறும்பு வரிசை ஊர்கிற மாதிரி ஒரு நடுக்கம். லேப் உதவியாளர் சொன்னார்: "அது ஸ்டேடிக் தம்பி, ஏ.சி. ரூம்ல அப்படித்தான் இருக்கும்." மீட்டரை ரேக்குக்கும் வேறொரு நல்ல சாக்கெட்டின் எர்த்துக்கும் நடுவில் வைத்தேன். 112 வோல்ட்.

ஸ்டேடிக் என்றால் ஒரு முறை சடக்கென்று அடித்துவிட்டுப் போய்விடும். விரலை எடுக்கும்வரை ஊர்ந்துகொண்டே இருந்தால் அது ஸ்டேடிக் இல்லை.

இதன் காரணம் இப்படி. எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் (சாதனத்தின் பவர் சப்ளைக்குள்) மின்னிரைச்சலை வடிக்க இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். ஒன்று பேஸிலிருந்து இரும்புப் பெட்டிக்கு, மற்றொன்று நியூட்ரலிலிருந்து அதே பெட்டிக்கு. எர்த் இருந்தால் அதன் வழியே போகும் சிறு கசிவு யாருக்கும் தெரியாமல் பூமிக்குப் போய்விடும். எர்த் அறுந்தால் பெட்டி அந்த இரண்டுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டு, 230-இல் பாதியான 115 வோல்ட் பக்கம் நிற்கும். மீட்டரில் 110, 115, 120 என்று கண்டால் சந்தேகமே வேண்டாம், எர்த் இல்லை.

ஒரு சாதனத்தின் கசிவு சிறியது. சாதாரண நெட்வொர்க் சுவிட்சுக்குக் கால் மில்லியாம்ப், பெரிய சர்வருக்கு ஒன்றிரண்டு மில்லியாம்ப். பிளக் போட்டு ஓட்டும் சாதனத்துக்குப் பொதுவாக வைத்திருக்கும் உச்சவரம்பு 3.5 மில்லியாம்ப். இதைக் கேட்டுவிட்டுத்தான் பலர் "ஒன்றும் ஆகாது" என்கிறார்கள். ஆனால் ரேக் என்பது எல்லாப் பெட்டிகளையும் ஒரே இரும்பில் முடுக்கி வைத்திருக்கிற இடம். பத்து சாதனங்களின் கசிவு அங்கே ஒன்றாகக் கூடும். வெளியேற வழியில்லாமல் காத்திருக்கும் அந்த மொத்தமும், முதலில் தொடுகிற கை வழியாகப் போகும். ஒரு மில்லியாம்ப் அளவில் உடம்பு உணரும். பத்து மில்லியாம்ப் அளவில் பிடித்த கையை விட முடியாமல் போகலாம். வரம்புக்குள் இருக்கும் பத்து பெட்டிகள்கூடச் சேர்ந்தால் 35 மில்லியாம்ப் வரை போக இடமிருக்கிறது. கசிவு கூடுதலான சாதனங்களில் "மின்சாரம் தருமுன் எர்த் இணைக்கவும்" என்று பின்பக்கம் எச்சரிக்கை ஒட்டியிருப்பது இதனால்தான். அதைப் படிக்காமல் மாட்டிவிடுகிறோம்.

என்ன செய்வது: உடனே எல்லோரையும் ரேக்கிலிருந்து விலக்குங்கள். ரேக்கைத் தொடாமல் டி.பி.யில் அந்த லைனை அணையுங்கள், யு.பி.எஸ். இருந்தால் அதன் வெளியீட்டையும் அணையுங்கள். பிறகு சாதனத்தின் பவர் கார்டில் தொடங்கிச் சுவர் சாக்கெட் வரை பின்னோக்கிப் போங்கள். மூன்று பின் பிளக்கில் மேல் பின் இருக்கிறதா? (சாக்கெட்டுக்குள் நுழையவில்லை என்று அதை உடைத்து எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.) பவர் கார்டின் எர்த் பின்னிலிருந்து மறுமுனை வரை கன்டினியூட்டி (அறுபடாத தொடர்பு) வருகிறதா? எக்ஸ்டென்ஷன் பெட்டியில் வருகிறதா? சுவர் சாக்கெட்டில் வருகிறதா? எங்கே நிற்கிறதோ அங்கேதான் அறுந்திருக்கிறது.

அந்தக் கல்லூரியில் எலக்ட்ரீஷியன் அண்ணன் எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் திறந்தபோது, பச்சைக் கம்பியை வேண்டுமென்றே வெட்டி, நுனியைக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் சுற்றி, பெட்டி மூலையில் மடித்து வைத்திருந்தது தெரிந்தது. தானாக அறுந்தது இல்லை. ஏன் வெட்டினார்கள் என்பதற்கு அடுத்த அறிகுறியைப் படிக்க வேண்டும்.

சரிசெய்த பிறகு ரேக்கின் உடம்புக்கும் தனியாக எர்த் கொடுங்கள். பச்சை–மஞ்சள் செம்புக் கம்பி, குறைந்தது 6 சதுர மில்லிமீட்டர், கட்டிடத்தின் எர்த் பட்டையிலிருந்து. லக் (கம்பி முனையில் போடும் வளையம்) உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி இரும்பு பளிச்சென்று தெரிய வேண்டும். பல் வாஷர் போட்டு முடுக்குங்கள். பவுடர் கோட்டிங் மேலேயே நட்டை முடுக்கினால் மின்சாரத்துக்கு அது சுவர்தான். கதவுக்கும் ஒரு பின்னல் கம்பி வேண்டும்; கீல் வழியாக எர்த் வரும் என்று நம்ப முடியாது.

அறிகுறி: ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது

மின்கசிவைக் கண்டதும் லைனை அணைக்கும் பாதுகாப்பு சுவிட்ச்தான் ஆர்.சி.சி.பி. 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. 30 வந்தால்தான் விழும் என்று நினைக்க வேண்டாம். 15-க்கும் 30-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் விழலாம், தரநிலையே அப்படித்தான். ஒரே ஆர்.சி.சி.பி.யின் கீழ் இருபது எஸ்.எம்.பி.எஸ். ஓடினால் கெப்பாசிட்டர் கசிவு மட்டுமே அந்த எல்லையைத் தொட்டுவிடும். கோளாறு எதுவும் இல்லாமலேயே விழும். அப்போது யாராவது ஒருவர் கண்டுபிடிக்கிற "தீர்வு" எர்த் கம்பியை வெட்டுவது. கசிவுக்குப் போக வழியில்லை, அதனால் ஆர்.சி.சி.பி. விழாது. அந்தக் கல்லூரியில் நடந்தது இதுதான். விழுந்தபோதெல்லாம் ஒரு குறையைச் சொன்ன கருவியின் வாயை அடைத்து, அந்தக் கசிவை மாணவர்களின் கைக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். வருடக்கணக்கில் பிள்ளைகள் அந்த ரேக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

சரியான வழி, சாதனங்களை இரண்டு மூன்று லைன்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி ஆர்.சி.சி.பி. போடுவது. கசிவு அளக்கும் கிளாம்ப் மீட்டர் எலக்ட்ரீஷியனிடம் இருக்கும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து அதற்குள் விட்டால் அந்த லைனின் கசிவு நேரடியாகத் தெரியும். 10 மில்லியாம்புக்குள் இருந்தால் நிம்மதி.

எல்லாப் பிளக்கையும் கழற்றிய பிறகும் விழுகிறதென்றால் சாதனத்தைத் தேடிப் பயனில்லை. ஆர்.சி.சி.பி.க்குப் பிறகு எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது, அல்லது வேறு லைனின் நியூட்ரல் இதில் கலந்திருக்கிறது.

அறிகுறி: சுர்ரென்று இல்லை, ஆனால் நியூட்ரல்–எர்த் எப்போதும் 0.0

இதை நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயப்படுகிறேன். ஏனென்றால் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. எர்த் குழியே இல்லாத கட்டிடங்களில், "எர்த் வந்தால்தான் இன்ஸ்டால் பண்ணுவோம்" என்று நாம் அடம்பிடிப்போம். சாயங்காலத்துக்குள் எர்த் வந்துவிடும். சாக்கெட்டுக்குள் நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டுக் கம்பி. மீட்டரில் பேஸ்–எர்த் 230, நியூட்ரல்–எர்த் பூஜ்யம். நாமும் நன்றி சொல்லி மாட்டிவிட்டு வருவோம்.

உண்மையான எர்த்தாக இருந்தால், ஏழெட்டு ஆம்ப் லோடு ஓடும்போது நியூட்ரல் கம்பியில் விழும் வோல்ட்டேஜ் மீட்டரில் கொஞ்சமாவது தெரியும். லோடு ஏற்றியும் 0.0-விலேயே நின்றால் அருகிலேயே இரண்டையும் கட்டியிருக்கிறார்கள். யு.பி.எஸ்ஸோடு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (வெளியீட்டை உள்வரும் லைனிலிருந்து பிரித்துவைப்பது) வைத்து அதன் வெளியீட்டில் முறைப்படி நியூட்ரலை எர்த் செய்திருந்தாலும் இப்படித் தெரியும். அது சரியானதே. இரண்டில் எது என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு, கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

துண்டுக் கம்பியாக இருந்தால் ஆபத்து எங்கே? நியூட்ரல் வரும் வழியில் ஒரு ஸ்குரூ தளர்ந்தால் போதும். சாதனத்தின் வழியே வரும் முழு 230 வோல்ட்டும் துண்டுக் கம்பி வழியாக ரேக்கின் இரும்புக்கு ஏறும். இது கெப்பாசிட்டர் கசிவைப்போலச் சிறியது இல்லை. பேஸும் நியூட்ரலும் மாறிப் போன சாக்கெட்டில் இந்தத் துண்டு இருந்தால் ஸ்குரூ தளரக்கூட வேண்டாம், மாட்டிய நொடியே ரேக் முழுக்க பேஸ்.

இப்படிப்பட்ட இடத்தில் இன்ஸ்டாலேஷனை நிறுத்துங்கள். ரேக் ஒரு வாரம் தாமதமானால் திட்டுவார்கள், அவ்வளவுதான்.

அறிகுறி: கரண்ட் போய் வந்ததும் எம்.சி.பி. விழுகிறது

மின்சாரம் திரும்பும் கணத்தில் எல்லா எஸ்.எம்.பி.எஸ்ஸும் ஒரே நேரத்தில் கெப்பாசிட்டர்களை நிரப்பும். சில மில்லிநொடிக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். பி வகை எம்.சி.பி. தன் அளவைப்போல் 3 முதல் 5 மடங்கில் உடனே விழும். சி வகை 5 முதல் 10 மடங்கு. வீட்டு விளக்கு லைனுக்கு வைத்த பி வகையில் ரேக் ஓட்டினால் இது நடக்கும். சி வகைக்கு மாற்றச் சொல்லுங்கள், அல்லது ஒவ்வொன்றாகத் தாமதித்து ஆன் செய்யும் பி.டி.யு. (ரேக்குக்கான பவர் ஸ்டிரிப்) போடுங்கள். ஆம்ப் எண்ணை மட்டும் கூட்டாதீர்கள். எம்.சி.பி. காப்பது சுவருக்குள் இருக்கும் கம்பியை. 16 ஆம்ப் கம்பிக்கு 32 ஆம்ப் எம்.சி.பி. போட்டால் முதலில் எரிவது கம்பி.

ஆன் செய்து ஒரு மணி நேரம் கழித்து விழுந்தால் காரணம் வேறு. ஓவர்லோடு, அல்லது டெர்மினல் தளர்ந்து எம்.சி.பி.யே சூடாகிறது.

அறிகுறி: பிளக் சுடுகிறது, சாக்கெட் பழுப்பேறியிருக்கிறது

பி.ஓ.இ. சுவிட்ச் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே கேமராக்களுக்கு மின்சாரமும் தருவது) வந்த பிறகு இது அதிகமாகிவிட்டது. 48 போர்ட், போர்ட்டுக்கு 30 வாட் என்றால் 1440 வாட். சுவிட்சின் சொந்தத் தேவையும் எஸ்.எம்.பி.எஸ். இழப்பும் சேர்ந்தால் 1700 வாட்டை எட்டும். 230-ஆல் வகுத்தால் ஏழு ஆம்புக்கு மேல். அதை 6 ஆம்ப் பிளக்கில், மேஜை விசிறிக்குப் போடுகிற ஸ்பைக் பஸ்டரில் மாட்டியிருப்பார்கள். கேமராக்கள் குறைவாக இருக்கும்வரை ஓடும். வைஃபை ஆக்சஸ் பாயின்ட் ஒவ்வொன்றாகக் கூடும்போது கருகும்.

தளர்ந்த தொடுப்பு இன்னும் மோசம். 0.2 ஓம் தடை உள்ள இடத்தில் 10 ஆம்ப் ஓடினால் 20 வாட் வெப்பம், அதுவும் ஒரு பட்டாணி அளவு இடத்தில். சால்டரிங் அயர்ன் வைத்த மாதிரிதான். பழுப்பேறிய சாக்கெட்டைத் துடைத்து மறுபடி பயன்படுத்தாதீர்கள். உள்ளே ஸ்பிரிங் இறுக்கம் போயிருக்கும். சாக்கெட், பிளக் இரண்டையும் மாற்றுங்கள். ஒரு ஸ்டிரிப்பில் இன்னொரு ஸ்டிரிப்பை மாட்டுவதை ரேக்கில் ஒருபோதும் செய்யாதீர்கள். 16 ஆம்ப் லைனைத் தொடர்ச்சியாக 12, 13 ஆம்புக்கு மேல் ஓட்ட வேண்டாம்.

சில சுவிட்சுகளின் பவர் துளைக்குள் ஒரு சிறு மேடு இருக்கும், சாதாரண கம்ப்யூட்டர் கார்டு நுழையாது. அது சி15 என்ற, அதிக வெப்பம் தாங்கும் கார்டுக்கானது. பிளேடால் கார்டில் வெட்டுப் போட்டு நுழைத்தவர்கள் உண்டு. சரியான கார்டையே வாங்குங்கள்.

அறிகுறி: சுவிட்சை அணைத்தும் சாதனம் ஓடுகிறது

இரண்டு பவர் சப்ளை இருக்கிறது, ஒன்றைத்தான் அணைத்திருக்கிறீர்கள். பின்பக்கம் எத்தனை கார்டு வருகிறது என்று எண்ணி, அத்தனையையும் பிடுங்கி, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். சுவரில் மெயினை அணைத்தாலும் யு.பி.எஸ். பேட்டரியிலிருந்து 230 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். கழற்றிய பவர் சப்ளையைத் திறக்காதீர்கள். உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு: ஒரு பக்க மின்சாரம் போனால் மறுபக்கமும் சேர்ந்து போகிறது. இரண்டு பக்கமும் 60 சதவீத லோடு ஏற்றியிருந்தால், ஒன்று போனதும் மற்றது 120 சதவீதம் சுமந்து விழத்தான் செய்யும். ஒவ்வொரு பக்கமும் 40 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

அறிகுறி: விளக்கு திடீரென்று பிரகாசமாகி, பவர் சப்ளைகள் வரிசையாக வெடித்தன

நியூட்ரல் கட். மூன்று பேஸ் கட்டிடத்தில் பொது நியூட்ரல் அறுந்தால், லோடு குறைவான பேஸில் வோல்ட்டேஜ் 400 பக்கம் வரை ஏறலாம். பெரும்பாலான எஸ்.எம்.பி.எஸ். 240 வோல்ட் வரைக்கே குறிக்கப்பட்டவை. உயிரோடு மிச்சமிருக்கும் எதையும் உடனே ஆன் செய்யாதீர்கள். ஜெனரேட்டர் மாற்றும் சுவிட்சில் நியூட்ரல் தொடுப்பு கருகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், நான் பார்த்தவற்றில் பல அங்கேதான் இருந்தன.

அறிகுறி: வேறு கட்டிடத்திலிருந்து வரும் கேபிளைச் செருகும்போது பொறி பறக்கிறது

இரண்டு கட்டிடங்களின் எர்த்தும் ஒரே அளவில் இல்லை. ஷீல்டு (உலோக உறை) உள்ள கேபிள் வழியே அந்த வித்தியாசம் பாய்கிறது. கட்டிடத்துக்குக் கட்டிடம் ஃபைபர் போடுங்கள், செம்பு வேண்டாம்.

"கம்ப்யூட்டருக்குத் தனி எர்த்" என்று தோட்டத்தில் ஒரு குழி தோண்டி, கட்டிட எர்த்தோடு இணைக்காமல் விடுவதும் இதே வகைத் தவறு. குழி 5 ஓம் காட்டுகிறது, நல்ல எர்த் என்பார்கள். பேஸ் ரேக்கில் உரசினால் 230-ஐ 5-ஆல் வகுத்து 46 ஆம்ப்தான் ஓடும். சி வகை 16 ஆம்ப் எம்.சி.பி. உடனே விழுவது உறுதியாக வேண்டுமென்றால் 160 ஆம்ப் தேவை. 46 ஆம்புக்கு அது விழ ஒரு நிமிடம் வரைகூட ஆகலாம், அதுவரை ரேக்கில் மின்சாரம் நிற்கும். குழி எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும். எல்லாம் ஒன்றோடொன்று இணைந்து, டி.பி.யின் எர்த் பட்டைக்கு வந்து சேர வேண்டும். கரியும் உப்பும் போட்ட பழைய குழி என்றால் சித்திரை, வைகாசியில் காய்ந்துபோகும். தண்ணீர் ஊற்றும் பொறுப்பை யாராவது ஒருவர் பெயரில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்று எண்களையும், அப்போது ஓடிய லோடு எத்தனை ஆம்ப் என்பதையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி ரேக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து வருகிறவர் மறுபடி அளந்து அடுத்த வரியில் எழுதட்டும். நியூட்ரல்–எர்த் 0.8 என்று இருந்தது 6 ஆகியிருந்தால், யாருக்கும் ஷாக் அடிக்கும் முன்பே ஏதோ தளர்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.